உழைக்கிற உடம்பில் ஏன் இத்தனை சர்க்கரை?

ஈரோடு மாவட்டத்து நல்லாம்பட்டி பெயரளவில் பேரூராட்சி என்றாலும், பிழைப்பு முழுக்க வெள்ளாமைதான். கோயம்புத்தூர் கே.எம்.சி.எச். மருத்துவமனையின் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் கிருஷ்ணன் சுவாமிநாதனும் அவருடைய குழுவினரும் 2015-இல் இந்த ஊரை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். 20 வயது தாண்டியவர்களின் உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றை அளந்தார்கள். இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். கழுத்துத் தமனியின் சுவர்த் தடிமனை ஸ்கேன் வைத்துப் பார்த்தார்கள். 2017-இல் முடிவு வெளியானது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனைப்படி, சோதிக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நீரிழிவிலோ அதற்கு முந்தைய படியிலோ இருந்தார்கள். ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்கு உயர் இரத்த அழுத்தம். மூன்றில் ஒரு பங்கினருக்குக் கொழுப்பு அளவுகள் சரியில்லை. தமனிச் சுவரும் தடித்திருந்தது.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 2011-இல், ஐசிஎம்ஆர்-இந்தியாப் என்ற நாடு தழுவிய ஆய்வின் முதல் கட்ட முடிவுகள் வந்திருந்தன. அதில் தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தின் நீரிழிவு விகிதம் 7.8 சதவீதம், நகர்ப்புறத்தினுடையது 13.7. கிராமம் நகரத்தைவிடப் பரவாயில்லை என்ற நிம்மதியை அந்த எண்கள் தந்தன. நல்லாம்பட்டி அதைக் கலைத்தது. இரண்டு ஆய்வுகளும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்தவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தியாப் ஆய்வு குளுக்கோஸ் கொடுத்து அளந்தது, நல்லாம்பட்டி ஆய்வு ஹெச்பிஏ1சியை எடுத்துக்கொண்டது. இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை உள்ளவர்களுக்கு ஹெச்பிஏ1சி சற்றுக் கூடுதலாகவே காட்டும். இதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் மிஞ்சுகிற சுமை பெரிது. தடித்த தமனியை இரத்தசோகையின் கணக்கில் எழுத முடியாது.

பவானியைச் சுற்றியுள்ள அந்தியூர், அம்மாபேட்டை, கவுந்தப்பாடி, சித்தோடு வட்டாரமெல்லாம் இதே மண், இதே சாப்பாடு, இதே பூச்சிமருந்துத் தெளிப்பு. இங்கே பலரும் நம்புவது, உட்கார்ந்து தின்கிறவனுக்குத்தான் சர்க்கரை வரும், காட்டில் பாடுபடுகிறவனை அண்டாது என்பது. மருத்துவமனையிலும் "நடங்க, குறைச்சுச் சாப்பிடுங்க" என்ற இரண்டே அறிவுரைதான் திரும்பத் திரும்பக் கிடைக்கிறது. நாள் முழுக்கக் குனிந்து களை வெட்டுகிற பெண்ணிடம் போய் நடக்கச் சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது? நோயின் வேர் சோம்பலில் இருக்கிறது என்ற முன்முடிவோடு இந்தக் கிராமங்களைப் பார்ப்பது தவறு என்றே கருதுகிறேன். இங்கே பார்க்க வேண்டிய இடம் குடல். குடலுக்குள் என்ன போகிறது, எந்த நேரத்தில் போகிறது, எதோடு சேர்ந்து போகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

உணவைச் செரிக்கும் குழாய் என்றே குடலைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். உடம்பின் மிகப் பெரிய ஹார்மோன் உறுப்பும் அதுதான். மனிதகுலம் முதன்முதலில் அடையாளம் கண்ட ஹார்மோனே குடலிலிருந்து வந்தது. 1902 ஜனவரியில் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் இருவரும் ஒரு நாயின் சிறுகுடல் பகுதிக்குச் செல்லும் நரம்புகளை அறுத்துவிட்டு, அங்கே அமிலத்தைச் செலுத்தினார்கள். நரம்புத் தொடர்பே இல்லாத நிலையிலும் கணையம் சுரந்தது. குடல் தன் செய்தியை இரத்தத்தின் வழியே அனுப்பியிருந்தது. அந்தப் பொருளுக்கு செக்ரிட்டின் என்று பெயர் வைத்தார்கள். ஹார்மோன் என்ற சொல்லை ஸ்டார்லிங் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1905-இல். இன்சுலின் கண்டுபிடிப்பு 1921-இல்தான்.

1960-களில் இன்னொரு புதிர் பிடிபட்டது. ஒருவருக்குக் குளுக்கோஸை வாய்வழியாகக் கொடுத்தார்கள். பிறகு அதே அளவு சர்க்கரை இரத்தத்தில் ஏறும்படி நரம்பூசி வழியாகவும் கொடுத்தார்கள். வாய்வழி கொடுத்தபோது இன்சுலின் வெகுவாகக் கூடுதலாகச் சுரந்தது. அப்படியானால் சர்க்கரையைக் கண்டு மட்டும் கணையம் சுரப்பதில்லை. சாப்பாடு வந்துகொண்டிருக்கிறது என்று குடல் முன்கூட்டியே அதற்குச் சொல்கிறது. இப்படிச் சொல்லுகிற முக்கிய ஹார்மோன்கள் இரண்டு. மேல்குடலில் சுரப்பது ஜிஐபி. சிறுகுடலின் கடைப்பகுதியிலும் பெருங்குடலிலும் அதிகமாகச் சுரப்பது ஜிஎல்பி-1. சாப்பிட்ட பின் சுரக்கும் இன்சுலினில் பாதிக்கும் மேல் இவற்றின் தூண்டுதலால் வருவது. ஜிஎல்பி-1 அதோடு நிற்பதில்லை. இரைப்பையிலிருந்து உணவு இறங்கும் வேகத்தைக் குறைக்கிறது, கல்லீரல் சர்க்கரையை வெளிவிடக் காரணமான குளுககானை அடக்குகிறது, போதும் என்ற உணர்வை மூளைக்குத் தருகிறது. சுரந்த இரண்டே நிமிடத்தில் பெரும்பகுதி சிதைந்தும் போகிறது. இரண்டாம் வகை நீரிழிவு வந்தவர்களிடம் குடலின் இந்த உதவி வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

தீட்டிய வெள்ளை அரிசியின் மாவுச்சத்து விரைவாக உடைந்து மேல்குடலிலேயே பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. கடைக்குடல் வரை போய்ச் சேருவது கொஞ்சம்தான். நார்ச்சத்தும் புரதமும் உள்ள சாப்பாடு மெதுவாக இறங்கிக் கீழே வரை போகிறது, அங்குள்ள செல்களைத் தூண்டுகிறது. ஆகவே எத்தனை கலோரி சாப்பிட்டோம் என்ற கணக்கு பாதி விடைதான். அந்தக் கலோரி குடலின் எந்தப் பகுதி வரை பயணம் செய்தது என்பதில் மீதி விடை இருக்கிறது.

பவானிப் பக்கத்துச் சோற்றின் கதையைத் தண்ணீரின் கதையோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பவானியாறு காவிரியோடு கலக்கும் இடத்தில் அணை கட்டித் தொடங்கும் காலிங்கராயன் வாய்க்கால் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் கரையோரங்களில் நெல்லும் கரும்பும் மஞ்சளும் வாழையும் நெடுங்காலமாக உண்டு. வாய்க்கால் எட்டாத மேட்டுக்காடுகளோ மானாவாரி. கம்பு, சோளம், ராகி, சாமை, கொள்ளு, அவரை, எள். அங்கே நெல்லுச்சோறு என்பது நோம்பிக்கும் விருந்தாளிக்கும் ஆக்குவது. 1950-களில் பவானிசாகர் அணையும் கீழ்பவானிக் கால்வாயும் வந்து 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குப் பாசனம் கிடைத்தபோது இந்தக் கணக்கு மாறியது. அந்தத் திட்டத்தை வகுத்தவர்கள் முழு ஆயக்கட்டையும் நெல்லுக்கென்று வைக்கவில்லை. பாதி நிலத்துக்கு ஒரு போகம் நன்செய்த் தண்ணீர், மறுபாதிக்குப் புன்செய்த் தண்ணீர், அடுத்த ஆண்டு முறை மாறும் என்றே அமைத்தார்கள். நிலக்கடலைக்கும் எள்ளுக்கும் தானியத்துக்கும் அதில் இடம் இருந்தது. பிறகு கிணற்று மோட்டாரும் கரும்பும் மஞ்சளும் சந்தையும் சேர்ந்து புன்செய்த் தானியத்தை ஓரங்கட்டின. ரேஷன் அரிசி அதற்குப் பின்னால் வந்தது. 2011 ஜூன் முதல் அது விலையில்லா அரிசியும் ஆனது.

அரிசியைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. பசியை விரட்டியது அந்த அரிசிதான். ரேஷன் அரிசி இல்லாத ஒரு தமிழ்நாட்டை யாரும் விரும்பக் கூடாது. சிக்கல், அரிசி வந்தபோது உடன் இருந்தவை எல்லாம் தட்டை விட்டுப் போனதில் இருக்கிறது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவு அட்டவணைப்படி, 100 கிராம் தீட்டிய அரிசியில் நார்ச்சத்து 2.8 கிராம். கம்பில் 11.5, ராகியில் 11.2, சோளத்தில் 10.2. கம்பஞ்சோறும் ராகிக் களியும் கீரைக் கடைசலோடு சாப்பிட்ட ஒரு தலைமுறையின் குடலுக்கும், மூன்று வேளையும் இட்லி, சோறு, தோசை என்று வாழும் தலைமுறையின் குடலுக்கும் கிடைக்கும் நாரில் பெரிய வேறுபாடு. சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நம் கடைகளில் விற்கும் அரிசி வகைகளைச் சோதித்தபோது பொன்னிக்கு 70, சோனா மசூரிக்கு 72 என்று சர்க்கரை ஏற்றக் குறியீடு வந்தது. 70-ம் அதற்கு மேலும் உயர்ந்த வகை.

21 நாடுகளில் 1 லட்சத்து 32 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த ப்யூர் ஆய்வு 2020-இல் இன்னொன்றைச் சொன்னது. நாளொன்றுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிடுகிறவர்களை 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிடுகிறவர்களோடு ஒப்பிட்டால், தெற்காசியாவில் நீரிழிவு வரும் வாய்ப்பு 61 சதவீதம் கூடுதல். சீனாவிலும் சோறுதான் முதன்மை உணவு. ஆனால் அங்கே இந்தத் தொடர்பு இவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. சோற்றோடு என்ன சேர்கிறது என்பதில் அந்த வேறுபாட்டின் ஒரு பகுதி இருக்கக்கூடும்.

நம் தட்டில் சோற்றோடு சேருவது போதாது. இந்தியாப் ஆய்வில் கலந்துகொண்ட 18,090 பேரின் உணவை ஆராய்ந்து ஆர்.எம். அஞ்சனா, வி. மோகன் குழுவினர் 2022-இல் எழுதிய கட்டுரையின் சாரம் எளிமையானது. கலோரியில் மாவுச்சத்தின் பங்கை 50 முதல் 55 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, புரதத்தின் பங்கை 20 சதவீதத்தை ஒட்டி உயர்த்தினால், புதிதாக நீரிழிவு வந்தவர்களில் பலர் அதிலிருந்து மீளலாம், எல்லைக்கோட்டில் இருப்பவர்கள் அதைத் தாண்டாமல் நிற்கலாம். இந்தியத் தட்டில் இன்று மாவுச்சத்தின் பங்கு 60 சதவீதத்துக்கு மேல்.

ரேஷன் கணக்கை இதோடு வைத்துப் பாருங்கள். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு ஆளுக்கு 5 கிலோ வீதம் மாதம் 20 கிலோ அரிசி. மானிய விலையில் 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பு 1 கிலோ. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குப் பிரித்தால் அரிசி 167 கிராம், பருப்பு 8 கிராம். இருபதுக்கு ஒன்று. கூலிக் குடும்பத்தின் தட்டு எப்படி இருக்கும் என்பதைக் கடையின் தராசே தீர்மானித்துவிடுகிறது. இந்த நிலையில் அவர்களைப் பார்த்து "புரதம் கூட்டிச் சாப்பிடுங்கள்" என்பது அறிவுரையாகாது.

கொங்கு நாட்டுக்குப் புரதம் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. கொள்ளு இந்த மண்ணின் பயறு. மழை பொய்த்தாலும் காய்க்கும். 100 கிராம் கொள்ளில் ஏறத்தாழ 22 கிராம் புரதமும் 8 கிராம் நாரும் உண்டு. கொள்ளுப் பருப்புக் கடைசல், கொள்ளு ரசம், முளைகட்டிய கொள்ளுச் சுண்டல், தட்டைப்பயறுக் குழம்பு, பச்சைப்பயறு என்று பழைய சமையல் முழுக்க இந்தப் பயறுக் குடும்பம் வந்துகொண்டே இருந்தது. அரிசியும் பருப்பும் சாதம் இன்றும் வீட்டுக்கு வீடு ஆக்கப்படுகிறது. அதில் பருப்பின் பங்கு கைப்பிடியாகச் சுருங்கியிருப்பதைக் கவனித்தாலே போதும், நடந்தது என்னவென்று தெரியும். பழைய அளவுக்குப் பருப்பைக் கூட்டி, அரிசியைக் குறைத்து, ஒரு கிண்ணம் பொரியலோடு சாப்பிட்டால் அதுவே நல்ல மருத்துவம்.

சாப்பிடும் வரிசைக்கும் பங்கு உண்டு. நியூயார்க்கின் வெய்ல் கார்னெல் மருத்துவக் கல்லூரி 2015-இல் நீரிழிவு உள்ள 11 பேரிடம் ஒரு சிறு சோதனை செய்தது. உணவு ஒன்றே. ஒரு நாள் மாவுப்பண்டத்தை முதலில் சாப்பிடச் சொன்னார்கள். மற்றொரு நாள் காய்கறியும் இறைச்சியும் முதலில், மாவுப்பண்டம் கடைசியில். காய்கறி முதலில் போனபோது அரை மணி நேரத்தில் சர்க்கரை ஏறத்தாழ 29 சதவீதமும், ஒரு மணி நேரத்தில் 37 சதவீதமும் குறைவாக இருந்தது. 11 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் பின்னால் வந்த ஆய்வுகளும் இதே திசையில் போகின்றன. ஜிஎல்பி-1 முன்னதாகச் சுரப்பதும் இரைப்பை மெதுவாகக் காலியாவதும் காரணங்கள். இலையில் பொரியலையும் கூட்டையும் பருப்பையும் முதலில் முடித்துவிட்டுச் சோற்றுக்கு வருவது யாருக்கும் செலவில்லாத வேலை.

சிறுதானியம் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாடுகிறவர்களிடம் இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்ல விரும்புகிறேன். நைஸாக அரைத்துப் பொட்டலமிட்ட சிறுதானிய மாவும், அதில் செய்த நூடுல்ஸும் பிஸ்கெட்டும் களியோ கம்பஞ்சோறோ ஆகிவிடாது; மாவு மெல்லியதாக ஆக ஆகச் சர்க்கரை ஏறும் வேகமும் கூடும். இரண்டாவது, கம்பு. அதிலுள்ள சில ஃபிளேவனாய்டுகள் தைராய்டுச் சுரப்பியின் வேலையைத் தடுக்கும். சூடானின் டார்ஃபர் பகுதியில் கம்பே முழு உணவாக இருந்து அயோடினும் குறைந்த இடங்களில் கழுத்துக் கழலை பரவலாக இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அயோடின் உப்பும் பலவகைத் தானியமும் இருந்தால் பயமில்லை. கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரைக்கும் ஒரு வார்த்தை. அது இந்த வட்டாரத்தின் பெருமை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே இங்கிருந்து போகிறது. ஆனால் இரத்தத்தில் அது வெள்ளைச் சர்க்கரையைப் போலவே ஏறும். "நாட்டுச் சர்க்கரைதானே" என்று நீரிழிவுக்காரர் காபியில் தாராளமாகப் போட்டுக்கொள்வது தன்னையே ஏமாற்றிக்கொள்வது.

பெருங்குடலுக்கு வருவோம். அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நாம் செரிக்காமல் விட்ட நாரையும் மாவையும் அவை நொதிக்க வைத்து அசிடேட், புரோப்பியோனேட், புயூட்டிரேட் என்னும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. புயூட்டிரேட்டைக் குடலின் உள்தோல் தன் எரிபொருளாகவே எடுத்துக்கொள்கிறது. இந்த அமிலங்கள் ஜிஎல்பி-1 சுரப்பையும் தூண்டுகின்றன. இந்த அமிலங்களின் வலிமையை உலகுக்குக் காட்டியவர்களில் வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் முக்கியமானவர்கள். பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் காலரா நோயாளிகளுக்குத் தரும் உப்புச்சர்க்கரைக் கரைசலில், எளிதில் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். பேதி அளவும் குறைந்தது, நிற்கும் நேரமும் குறைந்தது. 2000-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அது வெளிவந்தது. செரிக்காத மாவைப் பெருங்குடல் கிருமிகள் அமிலமாக்க, அந்த அமிலம் உப்பையும் நீரையும் உடம்புக்குள் திரும்ப இழுத்ததே காரணம்.

ஆக்கிய சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி இப்படிச் செரிக்காத வகையாக மாறுகிறது. இரவு நீரூற்றி வைத்தால் நொதிக்கும் பாக்டீரியாக்களும் சேர்கின்றன. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் குடல் அறுவை சிகிச்சைத் துறை பழைய சோற்றைக் குடல் அழற்சி நோயாளிகளிடம் ஆராயத் தொடங்கியபோது அரசும் அதற்கு நிதி ஒதுக்கியது. நல்ல செய்தி. அதே வேளை, பழைய சோற்றில் செரிக்காத மாவாக மாறுவது சிறு பகுதிதான். மீதி சோறு சோறேதான். ஒரு சட்டி நிறையக் கரைத்துக் குடித்துவிட்டுச் சர்க்கரை ஏறாது என்று நம்பக் கூடாது. சின்ன வெங்காயத்தோடு ஒரு கிண்ணம், கூடவே சுண்டல் என்றால் சரி.

இதே நுண்ணுயிர்க் கூட்டம்தான் வேறொரு கதையிலும் வருகிறது. இந்தக் கட்டுரையில் நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் சுப்பையா ராமசாமி, கணேசன் வேல்முருகன் குழுவினர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் 3,080 பேரை ஆராய்ந்து 2017-இல் ஜீனோம் பயாலஜி இதழில் எழுதினார்கள். ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்தை நேரடியாகக் கையாளுகிறவர்களிடம் நீரிழிவு 18 சதவீதத்தை ஒட்டியிருந்தது. அப்படிக் கையாளாதவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. இரத்தத்தில் மருந்து எச்சம் கூடக்கூட ஹெச்பிஏ1சியும் கூடியது. வழக்கமாக இந்த மருந்துகளின் நஞ்சை அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி குறைவதை வைத்துக் கணக்கிடுவார்கள். அந்த நொதி குறையவே இல்லை. பழைய அளவுகோலின்படி பாதிப்பு இல்லாதவர்கள் இவர்கள்; ஆனால் சர்க்கரை ஏறியிருந்தது.

பிறகு எலிகளுக்கு 180 நாள் மோனோகுரோட்டோபாஸ் என்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்தைச் சிறு அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றின் உடம்பு சர்க்கரையைச் சமாளிக்கும் திறன் கெட்டது. அந்த எலிகளின் மலத்திலுள்ள கிருமிகளை மருந்தே படாத எலிகளுக்கு மாற்றியபோது அவற்றுக்கும் கோளாறு வந்தது. குடல் கிருமிகள் பூச்சிமருந்தை உடைத்து அசிட்டிக் அமிலம் உண்டாக்குகின்றன, அந்த அமிலம் சர்க்கரையைப் புதிதாக உற்பத்தி செய்யத் தூண்டுகிறது என்பதே அவர்கள் கண்ட வழி. நாரிலிருந்து பிறக்கும் அமிலக் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று, பூச்சிமருந்திலிருந்தும் பிறந்து தீங்கு செய்கிறது என்றால் முரணாகத் தோன்றலாம். நாரோடு வரும்போது அசிடேட் தனியாக வருவதில்லை. புரோப்பியோனேட்டும் புயூட்டிரேட்டும் உடன் இருக்கின்றன, உணவும் மெதுவாக நகர்கிறது. எந்த அமிலம் எவ்வளவு, எதோடு சேர்ந்து என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. எலியில் கண்ட வழி மனிதரிலும் அப்படியே நடக்கிறதா என்பதை உறுதிசெய்ய நீண்டகால ஆய்வு வேண்டும். ஆனாலும் 3,080 பேரின் இரத்தத்தில் கண்டது எலியின் கதை அல்ல.

வேல்முருகன் பிறகு கே.எம்.சி.எச். ஆராய்ச்சி அறக்கட்டளையில் சேர்ந்து நல்லாம்பட்டிக் குழுவோடு இந்தக் கேள்வியைத் தொடர்ந்தார். 2020-இல் வந்த அவர்களின் கட்டுரை, ஆர்செனிக்கும் ஆர்கனோபாஸ்பேட்டும் சேர்ந்து உடம்பில் தேங்குவதற்கும் நீரிழிவு, தமனித் தடிப்பு ஆகியவற்றுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. பவானிப் பக்கத்தில் மஞ்சளுக்கும் பருத்திக்கும் காய்கறிக்கும் மருந்தடிப்பவர் முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, வெறுங்கையால் கலக்கித் தெளிப்பதைப் பார்க்காதவர் இல்லை. தமிழ்நாடு அரசு மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட 6 பூச்சிமருந்துகளுக்கு 60 நாள் தற்காலிகத் தடை விதித்தது தற்கொலைகளைத் தடுப்பதற்காக. ஒன்றிய அரசு 2023 ஆணையில் மோனோகுரோட்டோபாஸ் 36 சதவீதக் கரைசலைத் தடை செய்தது. நீரிழிவு என்ற காரணம் இந்த விவாதத்தில் இன்னும் உரிய இடம் பெறவில்லை. பெற வேண்டும்.

ஒல்லியாக இருக்கிறாரே, இவருக்கா சர்க்கரை என்று கேட்கும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனின் ஜான் யுட்கின் இருவரும் 2004-இல் தங்கள் படத்தையே லான்செட் இதழில் போட்டார்கள். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு 22.3. யாஜ்னிக் உடம்பில் கொழுப்பு 21.2 சதவீதம், யுட்கின் உடம்பில் 9.1. இந்தியக் குழந்தைகள் எடை குறைந்து பிறந்தாலும் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு தசையைக் குறைத்துப் பிறக்கின்றன என்பதை யாஜ்னிக்கின் புனே ஆய்வுகள் காட்டின. கருப்பையில் கிடைத்த ஊட்டமே பிற்கால இன்சுலினின் போக்கைப் பாதி எழுதிவிடுகிறது. குழந்தைப் பருவப் பட்டினியால் இன்சுலின் சுரப்பே குன்றிப்போகும் ஒரு தனி வகை நீரிழிவை வேலூர் சிஎம்சியின் நிஹால் தாமஸ் குழு 2022-இல் விரிவாக விளக்கியது. 2025-இல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு அதை ஐந்தாம் வகையாக ஏற்றது. இத்தகையவர்களைச் சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னால் கேடுதான்.

கர்ப்பிணிகளின் கதையும் இதோடு சேர்ந்தது. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினை எதிர்த்து நிற்கும். குழந்தைக்குச் சர்க்கரை போய்ச் சேர இயற்கை செய்த ஏற்பாடு அது. ஈடுகட்டத் தாயின் கணையத்தால் முடியாதபோது கர்ப்பகால நீரிழிவு வருகிறது. சென்னை மருத்துவர் வி. சேஷையா குழுவினர் தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைச் சோதித்தபோது நகரத்தில் 17.8, சிறுநகரத்தில் 13.8, கிராமத்தில் 9.9 சதவீதம் என்று வந்தது. சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே சோதனை என்ற அவரது எளிய முறைதான் கிராமப் பெண்களைப் பட்டினியோடு பேருந்து ஏறுவதிலிருந்து காப்பாற்றியது. பிரசவத்தோடு சர்க்கரை இறங்கிவிட்டால் பலரும் அதை மறந்துவிடுகிறார்கள். அந்தப் பெண்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மிக அதிகம். பிள்ளைப்பேறு முடிந்த ஆறாவது வாரத்திலும், பிறகு ஆண்டுதோறும் சோதனை வேண்டும்.

நேரமும் ஒரு காரணம். மாலைக்கு மேல் இன்சுலினுக்கு உடம்பு இணங்குவது குறைகிறது; ஒரே அளவு சோறு காலையில் ஏற்றுவதைவிட இரவில் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றும். காவிரிக்கு அக்கரையில் குமாரபாளையத்து விசைத்தறிகளில் இரவு ஷிப்ட் பார்க்கிறவர்கள் நள்ளிரவில் டீயும் வடையும் புரோட்டாவும் சாப்பிட்டுப் பகலில் அரைத்தூக்கம் தூங்குகிறார்கள். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடும், நிறைவைச் சொல்லும் லெப்டின் குறையும், கார்ட்டிசால் தாறுமாறாகும். அமெரிக்கச் செவிலியர் ஆய்வில், மாறிமாறி இரவுப் பணி பார்த்த ஆண்டுகள் கூடக்கூட நீரிழிவு வாய்ப்பும் கூடியது. தறியை நிறுத்தச் சொல்ல முடியாது. இரவு ஷிப்டுக்குப் போகுமுன் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, நடு இரவில் சுண்டலோ மோரோ எடுத்துக்கொள்வது முடியும்.

வயிற்றுத் தொல்லையோடு வருகிறவர்களிடம் இந்த ஹார்மோன் கணக்கைப் பார்க்கத் தவறுவதும் நடக்கிறது. நாள்பட்ட மலச்சிக்கலுக்குப் பின்னால் தைராய்டு குறைவு இருக்கலாம். சாப்பிட்ட இரண்டு வாயிலேயே வயிறு நிறைந்து ஏப்பமும் வாந்தியும் வந்தால், நீண்டகால நீரிழிவு இரைப்பை நரம்பைத் தளர்த்தியிருக்கலாம். வலப்பக்கம் கனமாக இருக்கிறது என்பவருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கலாம். மது தொடாதவருக்கும் வரும் அந்தக் கோளாறின் மூலம் பெரும்பாலும் இன்சுலின் எதிர்ப்புதான். மெட்ஃபார்மின் மாத்திரை தொடங்கிய புதிதில் வயிறு கலங்கும், பேதியாகும். அதற்குப் பயந்து மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம். சாப்பாட்டோடு சேர்த்துச் சிறு அளவில் தொடங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பல ஆண்டு சாப்பிடுகிறவர்கள் பி12 அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2025-இல் டிர்செப்படைடு, உடல் எடைக்கான செமாகுளூடைடு என்ற ஊசிமருந்துகள் இந்தியக் கடைகளுக்கு வந்துவிட்டன. குடல் ஹார்மோன்களின் வேலையை, இரண்டு நிமிடத்தில் சிதையாமல் ஒரு வாரம் நீடிக்கும்படி செய்பவை அவை. உண்மையாகவே பலன் தரும் மருந்துகள். தேவைப்படுகிறவர்கள் மருத்துவர் சொல்லி எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் பருப்பு 8 கிராமும் அரிசி 167 கிராமும் கிடைக்கிற வீட்டில், பசியை அடக்கும் ஊசி தசையையும் கரைத்துவிடும். முதலில் தட்டைச் சரிசெய்ய வேண்டும்.

2020-இல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கெடுப்பில், நீரிழிவு உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்கே அது கட்டுக்குள் இருந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. வரவேற்க வேண்டிய திட்டம். அதோடு இன்னும் மூன்று காரியங்களை ஈரோடு மாவட்டத்தில் தொடங்கலாம் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறேன். ரேஷன் கடையில் துவரம்பருப்பின் அளவை இரட்டிப்பாக்கி, மாவட்டத்திலேயே விளையும் கொள்ளையும் கம்பையும் விவசாயியிடம் வாங்கி விற்க வேண்டும். பூச்சிமருந்து தெளிப்பவர்களைத் தனியாகப் பதிவு செய்து, ஆண்டுக்கொரு முறை ஹெச்பிஏ1சி பார்த்து, கையுறையும் முகக்கவசமும் வேளாண்மைத் துறை மானியத்தில் தர வேண்டும். கர்ப்பகால நீரிழிவு வந்த தாய்மார்களை ஆரம்ப சுகாதார நிலையம் கைவிடாமல் தொடர வேண்டும்.

இதைப் படிக்கிறவர் தோட்டத்தில் மருந்தடிப்பவராகவோ, அவர் வீட்டைச் சேர்ந்தவராகவோ இருந்தால், வயது 30 தாண்டியிருந்தால், உடம்பு ஒல்லியாக இருந்தாலும் ஒரு முறை இரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு கேட்க மாட்டார்கள்.